ஜுமைரா வீட்டு பிர்ச் மரம்

துபாயில் பிர்ச் மரம் தழைத்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பனி விழுகிற நாட்டு மரம் அந்த வெயிலில் எப்படி ஐயா நிற்கும் என்கிறார்கள். நின்றது. நான் நிறுத்தினேன். ஒரு கோடையின் பெரும்பகுதியை அது பச்சை இலையோடு தாண்டியது. மிச்சத்தையும் தாண்டியிருக்கும். தாண்டாததற்கு வெயிலைக் காரணம் சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரியகுளம் பக்கம் ஒரு மாங்கன்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டும் வேலைக்குப் போனேன். நான் கட்டிய ஒட்டு பட்டுப்போனது என்று ஒருவர்கூடக் கன்றைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. பிற்காலத்தில் துபாயிலும் ஷார்ஜாவிலும் எனக்கென்று நாற்றுப்பண்ணை வைத்தேன். என் பெயர் எழுதிய வண்டிகள் ரோட்டில் ஓடின. எவன் தயவிலும் வந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஆனால் அது பல வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. அந்த ஆத்திரம் இந்த வயதிலும் அடங்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் துபாய் போனது கட்டட வேலைக்கு. சிமெண்ட் பிளாக் தூக்குவது, கலவை தள்ளுவது. அல் குசைஸ் அப்போது மணல்காடு. அதில் தகர ஷெட் போட்ட கேம்ப், ஒரு ரூமுக்குள் அடுக்குக் கட்டில்கள். எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் ஓர் அரபி. அவர் கையில்தான் எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் இருந்தது. அவர் ரிலீஸ் காகிதம் எழுதிக் கொடுக்காமல் வேறு இடத்தில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட முடியாது.

குளிக்கும் தண்ணீர் வீணாக ஓடுகிற இடத்தில் நான் கீரை விதைத்திருந்தேன். ஷெட்டைச் சோதிக்க வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, இந்த உப்பு மண்ணில் இதை யார் போட்டது என்று கேட்டார். மறுவாரத்திலிருந்து சாயங்காலம் டூட்டி முடிந்ததும் ஜுமைராவில் இருந்த அவர் வீட்டுத் தோட்டத்துக்கு கம்பெனி பிக்கப்பில் என்னை அனுப்பினார்கள். கஃபீலும் சரி என்றுவிட்டார்.

தோட்டம் என்று பெயர்தான். கேட்டிலிருந்து படிக்கட்டு வரை ஒரு துண்டு மண். ஒரு பக்கம் கழிவுத்தொட்டி, மறுபக்கம் தரைக்கடியில் குடிதண்ணீர்த் தொட்டி. நடுவில் ஒரு கயிற்றுக்கட்டில் போடலாம். முன்னால் யாரோ அங்கே வைத்த மரத்தின் வேர் தொட்டிச் சுவரைப் பிளந்துவிட்டதால், வீட்டுக்குச் சொந்தக்காரர் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, இனி பெரிய மரம் எதுவும் இங்கே கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

இன்ஜினியரின் மனைவிக்கோ பிர்ச் மரம்தான் வேண்டும். பேரீச்சையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் அப்பா வீட்டு ஜன்னலுக்கு வெளியே அந்த மரம் நிற்கும் என்பாள். அதிலேயே குடை மாதிரிக் கவிழ்ந்து தொங்குகிற குட்டை ஜாதி ஒன்று உண்டாம், சின்ன இடத்துக்கு அதுதான் பொருத்தமாம். குளிர்காலத்தில் ஊரிலிருந்து திரும்பிய ஒரு கம்பெனிக்காரர் மூலம் அவள் அப்பா மூன்று கன்றுகள் கொடுத்துவிட்டார். ஒன்று இவளுக்கு, ஒன்று ஜெனரல் மேனேஜர் பங்களாவுக்கு, ஒன்று கம்பெனி கிளப்புக்கு. மூன்றும் வெவ்வேறு பிர்ச்.

ஈரச் சாக்கில் சுற்றி வந்ததில் சீட்டுகளில் எழுதியிருந்தது கரைந்து போயிருந்தது. இலை ஒன்றுகூட இல்லை, குளிரில் உதிர்ந்த வெறும் குச்சிகள். பார்சலுக்கு அடங்க வேண்டுமென்று கிளைகளையும் ஒட்ட நறுக்கியிருந்தார்கள். எது குடை, எது நெட்டை என்று உருவத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. அந்த அம்மா ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் எல்லாமே இலையோடு இருந்த படங்கள்.

அவளுக்குக் கொஞ்சம் தெரியும், அதை மறுக்க மாட்டேன். தண்டில் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் ஓடுவதை விரலால் தடவிக் காட்டி, மூன்றும் பிர்ச்தான், இந்தக் கோடுதான் அடையாளம் என்றாள். ஒன்றில் மட்டும் பட்டை வெளுத்து, ஓரத்தில் மெல்லிய தோல் உரிந்து சுருண்டிருந்தது. இது மலையில் வளர்கிற ஜாதி, உயரமாகப் போகும் என்று அதைத் தனியாக எடுத்து வைத்தாள். மிச்சம் இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே பருமன். அங்கேதான் அவளுக்குத் தடுமாற்றம்.

இரண்டையும் கையில் வாங்கி, அடியிலிருந்து நுனி வரை விரலை ஓட்டினேன். ஒன்று முழுக்க வழவழப்பாகப் போனது. இன்னொன்றில் என் நெஞ்சு உயரத்தில் விரல் தட்டியது. பழைய காயம் ஆறியது போல ஒரு முண்டு. அதற்குக் கீழே ஒரு நிறம், மேலே இருந்த கட்டைக் குச்சிகளில் இன்னொரு நிறம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் அதை. ஒட்டு.

பக்கத்தில் நின்ற இன்ஜினியரும் அந்த அம்மாவும் ஆங்கிலத்தையும் சைட் இந்தியையும் கலந்து பேசுவார்கள், நானும் அப்படித்தான். அதை இங்கே தமிழில் போடுகிறேன்.

"இதுதான் மேடம்," என்றேன்.

"எப்படிச் சொல்கிறாய்?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"மாவுக்கு ஒட்டைக் கால்கிட்டே கட்டுவோம். மேலே இருக்கிறது வளர்ந்துகொண்டே போகணும் என்பதால். இதில் தலைகிட்டே கட்டியிருக்கிறார்கள். மேலே வைத்த ஜாதிக்குத் தானாக உயரம் போகத் தெரியாது, கீழேதான் தொங்கும். அதனால் நெட்டைச் செடியின் காலை இதற்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். இனி இந்த மரம் இதற்கு மேல் பெரிதாக உயராது."

அவள் முண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, அப்பாவும் இப்படித்தான் செய்வார், மறந்தே போனேன் என்றாள். இன்ஜினியர் என் முதுகில் தட்டினார்.

"நீ பிளாக் தூக்குகிற ஆள் இல்லை," என்றார். "கேள். கம்பெனி வீடுகள் அத்தனையின் தோட்டத்தையும் ஒரே ஆளிடம் கான்ட்ராக்ட் விடப் போகிறார்கள். இந்த மரம் கோடையைத் தாண்டட்டும். இதைக் காட்டியே உன் பெயரைச் சொல்வேன். உன் கஃபீலிடம் ரிலீஸும் நானே வாங்கித் தருகிறேன்."

அந்த மரத்தில் என் விடுதலை தொங்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

அங்கே குழாயில் வந்தது உவர்த் தண்ணீர். அதை ஊற்றினால் இலை ஓரம் கருகும். ஜன்னல் ஏ.சி. பெட்டிகளிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது. இதை அந்தத் தெருவில் முதலில் யோசித்தவன் நான். வீட்டு ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குழாய் சொருகி எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் இறக்கினேன். மேற்கு வெயிலுக்குச் சாக்குத் தட்டி கட்டினேன். அடியில் பேரீச்சை மட்டையும் உமியும் பரப்பினேன். வெயில் ஏறுவதற்கு முன்பே துளிர்த்துவிட்டது. முக்கோண இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல், பெரிய பல்லுக்குள் சின்னப் பல். அந்த முண்டிலிருந்து குச்சிகள் நாலா பக்கமும் கிளம்பி, கிளம்பிய வேகத்திலேயே கவிழ்ந்து தொங்கின. குடைதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திப் பார்த்தார்கள். கிளப்பில் வைத்தது வைகாசி வெயிலிலேயே சருகாகிவிட்டது. அது என் பொறுப்பு இல்லை.

ஜெனரல் மேனேஜர் பங்களாவில் வைத்த மலை ஜாதி மட்டும் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க ஒரு நாள் போயிருந்தேன். அங்கே வாட்ச்மேன் இமயமலைப் பக்கத்துக்காரன். அந்த மரத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"பாய், இது போஜ்பத்ரம்," என்றான். "எங்கள் மலையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மந்திரமெல்லாம் இதன் தோலில்தான் எழுதுவார்கள்."

தானாக உரிந்து நின்ற தோலை நகத்தால் லேசாக இழுத்தான். காகிதம் போல வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இதை உரித்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"அதுவே போடுகிற தோல்தானே பாய். உள்ளே பச்சையைத் தொடாமல் எடுத்தால் ஒன்றும் ஆகாது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ரூமில் இதைச் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது? ஒரு காரியம் செய்தவன் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வான். எங்கள் மெஸ் சமையல்காரர் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். அவர் ஊரில் தாயத்துக் கட்டுகிற குடும்பம். கேம்பில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட விபூதி மந்திரித்துக் கொடுப்பார்.

"பூர்ச்சப் பட்டையா? இந்தச் சீமையிலயா?" என்றார். வாட்ச்மேன் சொன்ன போஜ்பத்ரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. "நாட்டு மருந்துக் கடையிலகூட இப்ப அசல் கெடைக்கிறதில்லப்பா. அதுல வசியச் சக்கரம் எழுதிக் கையில கட்டுனா, எந்தக் கல்நெஞ்சும் இறங்கும்."

"கஃபீல் நெஞ்சுமா?" என்று ஒருவன் கேட்டான். ரூமே சிரித்தது.

சிரிக்காத ஒரே ஆள் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. கஃபீலிடம் நான் கெஞ்சிக் கூத்தாடி விசா வாங்கி வரவழைத்தவன். அவனுக்கு ஊரில் பெண் பேசி முடித்திருந்தது. ஆவணிக்குள் வந்து தாலி கட்டாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லீவு கேட்டு இரண்டு முறை போனான். "மாஃபி" என்று ஒற்றை வார்த்தையில் இல்லை என்று அனுப்பிவிட்டார் கஃபீல். பையன் சோறு இறங்காமல் திரிந்தான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கோடை உச்சத்தில் இன்ஜினியர் குடும்பத்தோடு ஊருக்கு லீவில் போனார். தண்ணீர் சொட்ட வேண்டுமே என்று எனக்காக ஒரு ஏ.சி.யை மட்டும் ஓடவிட்டுப் போனார்கள். கேட் சாவி என்னிடம். அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: கேட்டைப் பூட்டி வை. ஜுமைராவில் அப்போது ஆடுகள் தெருவில் மேயும். அட்டைப் பெட்டியைக்கூட விடாது.

ஆகஸ்ட் மாதம். ரமலான் தொடங்குவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய ஒரு கான்கிரீட் வேலைக்கு என்னை ஷார்ஜாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்கல். மரத்தை யாரிடம் விடுவது? சொந்தக்காரனிடம்தானே விடுவோம்.

"மாப்ள, டிரம்முல எறங்குற தண்ணிதான் ஊத்தணும். குழாயைத் தொட்டுறாத. சாயங்காலம் ஒரு தடவை, விடியக்காலம் ஒரு தடவை."

"நான் பாத்துக்கறேன் மச்சான். எனக்குத் தெரியாதா? நீங்க பயப்படாமப் போயிட்டு வாங்க."

திரும்பி வந்த அன்று கேம்புக்குக்கூடப் போகாமல் நேரே ஜுமைரா போனேன். இலையெல்லாம் பச்சையாக இருந்தது. அடி மண் ஈரமாக இருந்தது. மனசு குளிர்ந்து போய்ப் பக்கத்தில் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முண்டுக்குக் கீழே, ஒரு கை அகலத்துக்கு, தண்டைச் சுற்றி முழு வட்டமாகப் பட்டை இல்லை. கத்தியால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு கீறி, நடுவில் நெம்பி, ஒரே துண்டாக எடுத்திருந்தான். வெள்ளைக் கட்டை எலும்பு மாதிரித் தெரிந்தது. தண்ணீர் தவறாமல் ஊற்றியிருந்தான். தண்ணீரும் ஊற்றி, கழுத்தையும் அறுத்திருந்தான்.

தானாக உரிகிறது மலை ஜாதி. என் மரம் அந்த ஜாதியே இல்லை. அதன் பட்டை இளம்பட்டை, உயிரோடு கட்டையைக் கவ்விப் பிடித்திருப்பது. மேலிருந்து சத்து இறங்குகிற வழியே அதுதான். அதை வட்டமாக எடுத்தால் மரத்துக்குத் தெரியாமலே மரம் செத்துப் போகும். இலை வாட நாளாகும், அவ்வளவுதான்.

கேம்பில் அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கையில் கறுப்புக் கயிற்றில் புதுத் தாயத்து.

"எந்த மரத்துலடா எடுத்த?"

"மச்சான், கோவப்படாதீங்க. கொஞ்சம்தான் எடுத்தேன்."

"கொஞ்சமா? சுத்தி எடுத்திருக்கியேடா."

"சமையக்காரண்ணன் தான் சொன்னாரு, சக்கரம் எழுதணும்னா பட்டை அறுபடாம முழுசா இருக்கணும்னு. துண்டு துண்டா இருந்தா பலிக்காதாம்."

"பூர்ச்சப் பட்டை அங்க ஜெனரல் மேனேஜர் வீட்டுல இருக்கு. இது அது இல்ல."

"ரெண்டுமே பிர்ச்சுனு நீங்கதான மச்சான் சொன்னீங்க. அந்த வாட்ச்மேன் உள்ள விடமாட்டான். இங்க சாவி எங்கிட்ட இருந்துச்சு."

கை ஓங்கினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "விடுப்பா, ஒரு மரத்துக்காகவா மச்சினனை அடிப்ப?" என்றார்கள். ஒரு மரமாம்.

எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். அதன் குச்சிகளிலேயே நாலைந்தை வெட்டி, இரு முனையும் சீவி, காயத்தின் மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் பாலம் போட்டு ஒட்டுக் கட்டினேன். களிமண் பூசினேன். ஈரச் சாக்குச் சுற்றினேன். மற்ற மாதமாக இருந்தால் பிடித்திருக்கும், என் கை அப்படி. அந்த ஆகஸ்ட் வெயிலில் பாலக் குச்சிகள் காய்ந்து போயின. இலைகள் மஞ்சளாகி, ஒரு காற்றில் மொத்தமாக இறங்கின.

ரமலானில் அரை நேர வேலை. சைட்டில் ஆள் அதிகமாக இருந்ததால் கஃபீலே கூப்பிட்டு, லீவில் போகிறவர்கள் போகலாம் என்றார். வருடா வருடம் நடப்பதுதான். என் மச்சினனுக்கும் பாஸ்போர்ட் கிடைத்தது. தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சமையல்காரரிடம் அதற்கப்புறம் ஒரு கூட்டமே போனது.

இன்ஜினியர் குடும்பம் திரும்பியதும் அந்த அம்மா பெட்டியை இறக்குவதற்கு முன்னால் தோட்டத்துக்கு வந்தாள். சாக்கைத் தானே அவிழ்த்தாள். காயத்தைப் பார்த்தாள். மேலும் கீழும் கத்திக் கீறல் இருந்த இடத்தை நான் களிமண்ணால் மூடியிருந்தேன்.

"யார் செய்தது?"

பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் வீட்டுக்குள் புகுந்து சேதப்படுத்தினான் என்று ஒரு போன் போனால் போதும். கஃபீல் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார். பையன் ஆவணிக்கு ஊர் போக மாட்டான், ஜெயிலுக்குப் போவான். அப்புறம் என் வீட்டில் அடுப்பு எரியாது. மாமியார் வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றுவாள்.

"ஆடு மேடம்," என்றேன்.

அவள் சாக்கை மறுபடி சுற்றினாள். இன்ஜினியர்தான் கேட்டார்.

"கேட்டைத் திறந்து போட்டாயா?"

"ஒரு நாள். மறந்துபோச்சு."

"நான் அதை ஒன்றைத்தானே சொல்லிவிட்டுப் போனேன்."

வாழ்க்கையில் ஒரு கேட்டைக்கூட நான் பூட்ட மறந்தவன் இல்லை. இன்றைக்கும் என் பண்ணைக் கேட்டை நானே போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு மறந்தவனாக நின்றேன்.

மச்சினன் கிளம்புகிற அன்று டாக்ஸியில் அவனோடு ஏறினேன்.

"மாப்ள, பாஸ்போர்ட் கையில இருக்கு, டிக்கெட் கையில இருக்கு. போற வழியில ஜுமைராவுக்குத் திருப்பச் சொல்றேன். எறங்கி ஒரே ஒரு வார்த்தை, நான்தான் செஞ்சேன், மச்சானுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிரு."

"அது போற வழி இல்லையே மச்சான்."

"கொஞ்சம் சுத்து. நேரம் இருக்கு."

"ஏர்போர்ட்டுக்கு ஒரு போன் போட்டாருன்னா என்னைப் பிடிச்சு வச்சுருவாங்க. அங்க பந்தக்கால் நட்டாச்சு மச்சான். உங்களுக்கென்ன, கைவேலை தெரிஞ்சவரு. இன்னொரு மரம் வச்சா வளந்துட்டுப் போகுது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். நான் பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

கான்ட்ராக்டை இன்ஜினியர் உடனே யாருக்கும் கொடுத்துவிடவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். வெயில் தணிந்து ஐப்பசி பிறந்த பிறகு, ஒரு சாயங்காலம் நான் கேட்டைத் திறந்ததும் அந்த அம்மா படியில் ஓடி வந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, மூன்று தளிர்கள். பளபளவென்று நேராக நிமிர்ந்து நின்றன.

"உயிரோடு இருக்கிறது," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்ஜினியரும் வந்து பார்த்தார். அவர் முகமும் இளகியது. "சரி, ஆடு தின்றதையே பிழைக்க வைத்துவிட்டாய். வியாழக்கிழமை உன் கஃபீலைப் பார்க்கிறேன். கான்ட்ராக்ட் விஷயமும் அன்றைக்கே பேசிவிடலாம்," என்றார்.

வாயை மூடிக்கொண்டு ஒரு சலாம் போட்டிருந்தால் போதும். என் ரூம்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தளிர்கள் முண்டுக்குக் கீழே வந்தவை. குடை செத்துவிட்டது. வந்திருப்பது அதற்குக் காலைக் கடன் கொடுத்த நெட்டை ஜாதி. நாலைந்து வருடத்தில் வீட்டு மாடியைத் தொடும். வேர் தொட்டியைப் பிளக்கும். வீட்டுக்கார அரபி வந்து வெட்டுவார். அந்த மரத்தை இதுதான் என்று எடுத்துக் கொடுத்த விரல் என்னுடையது. வேறொரு மரத்துக்கு என் பெயரை எப்படிக் கொடுப்பேன்? ஆடு என்று ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

"மேடம், இது உங்கள் மரம் இல்லை," என்றேன். முண்டைக் காட்டினேன். அதற்கு மேலே நகத்தால் கீறினேன், உள்ளே பழுப்பு. கீழே கீறினேன், பச்சை. "மேலே இருந்ததுதான் நீங்கள் கேட்டது. அது போய்விட்டது. இது நெட்டை மரத்தின் கால். இந்த இடத்துக்கு ஆகாது. பிடுங்கிவிட்டு வேறு குடைக்கன்று வரவழையுங்கள், நான் வளர்த்துத் தருகிறேன்."

அந்த அம்மா கையை விட்டாள். முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு தெரிந்தவன்," என்றார், "ஒரு கேட்டைப் பூட்ட மாட்டாயா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது அன்றைக்கு மதுரைப் பக்கம் தன் புது மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அவர் கஃபீலைப் பார்க்கவில்லை. கான்ட்ராக்ட் வேறொருவருக்குப் போனது. அந்த ஆள் வந்து தளிர்களைப் பார்த்துவிட்டு, அருமையான மரம் மேடம், அடுத்த வருடம் குடை பிடிக்கும் என்று சொன்னாராம். அந்த அம்மாவுக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்தது. என்னை ஜுமைராவுக்கு அனுப்புவது நின்றது. நான் பிளாக் தூக்கப் போனேன். ரிலீஸ் காகிதம் என் கைக்கு வர அதற்குப் பிறகு பல வருடம் ஆனது. அதையும் யார் சிபாரிசும் இல்லாமல் நானே வாங்கினேன்.

கல்யாணம் முடிந்து மச்சினன் திரும்பி வந்தான். எனக்கு அதிரசம் கொண்டுவந்தான். நான் தொடவில்லை, ரூமில் மற்றவர்கள் தின்றார்கள். வந்த கொஞ்ச நாளில் அந்தப் புதுக் கான்ட்ராக்டர் தோட்ட வேலைக்கு எங்கள் கஃபீலிடம் கூலிக்கு ஆட்கள் கேட்டார். என் பெயரை இன்ஜினியர் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். முன் பழக்கம் உள்ளவன் யாராவது உண்டா என்று கேட்டதும் என் மச்சினன் முன்னால் போய் நின்றானாம். ஜுமைராவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் கோடை முழுக்க பிர்ச் மரம் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னானாம்.

பிளாக் தூக்குவதிலிருந்து அவனுக்கு அன்றைக்கே விடுதலை. மறுநாள் காலையில் இரண்டு பிக்கப் வந்தது. ஒன்று சைட்டுக்கு, ஒன்று ஜுமைராவுக்கு. அவன் ஜுமைரா வண்டியில் ஏறிக்கொண்டு, "வரட்டா மச்சான்?" என்று கையை ஆட்டினான்.